ஊசி போட்ட கை

லாண்டரிக்காரனின் வலது கை மேலே எழும்பாமல் போனபோது அவன் அழுதான், அவன் அம்மா அழுதாள். பெண்டாட்டி மட்டும் அடுப்படிக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீரை நிதானமாகக் குடித்தாள். கலியாணமாகி வந்த நாளிலிருந்து அந்தக் கை எப்போது எழும்பும் என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வேலை செய்தவள் அவள். இனிக் கொஞ்ச காலத்துக்குப் பார்க்க வேண்டாம்.

கை ஒரே நாளில் போகவில்லை. முதலில் தோளுக்குள் மணல் அரைக்கிற மாதிரி இருக்கிறது என்றான். பிறகு சட்டை போடுவதற்குக் கையைப் பின்னால் கொண்டுபோக முடியவில்லை. கடைசியில் மார்பு உயரம் வந்ததும் கை நின்றுவிட்டது. அதற்கு மேல் ஒரு விரற்கடை போனாலும் "ஐயோ" என்று உட்கார்ந்துவிடுவான். ஆறடி ஆள். கொதிகலன் மூடியை ஒற்றைக் கையால் தூக்கி வைத்தவன்.

கோபம் மட்டும் அப்படியே இருந்தது. குழம்பில் உப்புக் கூடினால் பழையபடி எழுந்து நிற்பான். தோள் சுருக்கென்று இழுக்கும். "அம்மா" என்று மறுபடி உட்கார்ந்துவிடுவான். ஒருமுறை இடது கையால் சோப்புக் கட்டியை அவள்மேல் எறிந்தான். அது சன்னல் வழியாகப் போய் பக்கத்து வீட்டுத் தையல்காரியின் மிஷின்மேல் விழுந்தது. அவள் அதை எடுத்துக்கொண்டு வந்து, "அண்ணே, எனக்குத் துணி தைக்கிற வேலையே தலைக்கு மேல கிடக்கு, தோய்க்கிற வேலையையும் தராதீங்க" என்றாள். பெண்டாட்டி புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினாள். அங்கே நின்று சிரித்தாள். அவள் சிரிப்பு அப்படித்தான் இருக்கும் என்று தெருவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்த நிம்மதி சும்மா வரவில்லை. இரண்டு பேர் வேலையை அவள் ஒருத்தி செய்தாள். விடுதிகளிலிருந்து விரிப்புகள் மூட்டை மூட்டையாக வரும். முதலில் கறை பிரிக்க வேண்டும். ரத்தக் கறைக்குப் பச்சைத் தண்ணீர், எண்ணெய்க் கறைக்குக் கொதிநீர். மாற்றிப் போட்டால் கறை துணியோடு குடித்தனம் பண்ணிவிடும். பிறகு சோடாத் தொட்டி, அலசல் தொட்டி, நீலம். விரிப்புகளைப் பிழிய ஒரு பழைய மிஷின் இருந்தது. கம்பளி அதில் கொள்ளாது. தண்ணீர் குடித்த கம்பளி செத்த மாட்டைப் போலக் கனக்கும். அதை ஆளுக்கு ஒரு முனை பிடித்து, ஒருவர் வலப்பக்கமும் ஒருவர் இடப்பக்கமுமாக முறுக்கித்தான் பிழிய வேண்டும்.

அதற்கு அந்த வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. யார் கை முனையை விடுகிறதோ அவர்தான் சேற்றில் விழுந்த கம்பளியை மறுபடி அலச வேண்டும். சட்டம் போட்டவன் அவன். பாதி முறுக்கியதும் கொஞ்சம் தளர்த்திக் கொடுத்துவிட்டுத் திடீரென்று சுண்டி இழுப்பான். அவள் மணிக்கட்டு திருகிக்கொள்ளும். முனை நழுவும். "விட்டா யாருடி அலசணும்?" என்று கேட்டு இடுப்பில் கைவைத்துச் சிரிப்பான். குளிர்காலத்தில் அவள் விரல்கள் நீலம் போட்ட துணியின் நிறத்தில் இருக்கும்.

கை போன பிறகு அவள் கம்பளியின் ஒரு முனையைச் சுவர்க் கொக்கியில் மாட்டி, மறுமுனையைத் தானே முறுக்கிப் பிழிந்தாள். கொக்கி சுண்டி இழுக்காது. ஆனால் எதிர்த்தும் முறுக்காது. கம்பளி சரியாகக் காயாமல் வாடை அடித்தது. விடுதிக்காரர்கள் முகம் சுளித்தார்கள். அவளுடைய மணிக்கட்டுகளும் வீங்கத் தொடங்கியிருந்தன.

மாமியார் முன்னறையில் இஸ்திரி போடுகிறவள். அவளுக்கு எல்லா நோய்க்கும் சூடுதான் மருந்து. துணி மடிப்பு சூட்டில் நேராகிறதே, நரம்பு ஆகாதா என்பாள். மகன் தோளில் துணி போட்டு அதன்மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்து எடுப்பாள். ஒன்றும் நேராகவில்லை. குளிர் தொடங்கி, கம்பளிகள் வாசல்வரை குவிந்தபோது அவளே சொன்னாள்.

"எலும்பு டாக்டர்கிட்டப் போய், தோளுக்குப் போடுவாங்களாமே, அந்த ஊசியப் போட்டுக்கடா. இவ ஒருத்தி எத்தனைதான் செய்வா?"

பெண்டாட்டி நிமிர்ந்து பார்த்தாள். தனக்காக மாமியார் பேசி அவள் கேட்டதில்லை.

"செத்துகித்து வச்சாள்னா அப்புறம் அதுக்கும் நாமதான் அலையணும்" என்று முடித்தாள் மாமியார்.

ஊசியைப் பார்த்ததும் லாண்டரிக்காரனுக்கு முகம் வெளுத்தது. டாக்டர் தோளில் இடம் பார்த்து மருந்தால் துடைக்கும்போதே கண் சொருகியது. போட்டு முடித்தபோது ஆள் மயங்கிச் சாய்ந்திருந்தான். நர்ஸும் பெண்டாட்டியும் சேர்ந்து அவனைக் கட்டிலில் நீட்டிப் படுக்க வைத்தார்கள்.

"கொஞ்ச நேரம் கிடக்கட்டும். ஊசிக்கு இல்ல, பயத்துக்கு விழுந்திருக்காரு" என்றார் டாக்டர். "சொல்ல வேண்டியத அந்தம்மாகிட்ட சொல்லிடுங்க" என்று நர்ஸிடம் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

நர்ஸ் அவளை வெளி பெஞ்சில் உட்கார வைத்தாள்.

"நான் சொல்றத அப்படியே மனசுல வச்சுக்கங்க. மரத்துப்போற மருந்தும் சேத்துதான் போட்டிருக்கு. அதனால இப்ப வலியே இருக்காது. சரியாயிடுச்சுன்னு குதிப்பாரு. குதிக்க விடாதீங்க. ராத்திரிக்குள்ள அது தெளிஞ்சிடும். அப்புறம் வலிக்கும். முன்னவிட அதிகமாகூட வலிக்கலாம். ஒரு நாள், ரெண்டு நாள். பயந்துடாதீங்க, சிலருக்கு அப்படித்தான் ஆகும், தானா அடங்கிடும். ஐஸைத் துணியில சுத்தி வைங்க. சூடு வேண்டாம்."

"சூடு வைக்கக் கூடாதுங்களா?"

"வேண்டாம்மா. அப்புறம் மொகம் சிவக்கும், தூக்கம் வராது. எரிஞ்சு எரிஞ்சு விழுவாரு."

"அது எப்பவும் விழுவாருங்க."

நர்ஸ் சிரித்தாள். "அப்ப கொஞ்சம் சேத்து விழுவாரு. சக்கரை இருக்கா?"

"இருக்கு."

"ஒரு வாரத்துக்கு ஏறும். இனிப்புப் பக்கமே விடாதீங்க. ஊசி போட்ட இடம் கொதிச்சு, சிவந்து, காய்ச்சலும் வந்தா அன்னைக்கே ஓடி வரணும். இதெல்லாம் இல்லன்னா நாலஞ்சு நாள்ல, ஒரு வாரத்துல கை லேசாயிடும். இப்ப சொல்றதுதான் முக்கியம். வலி போயிடுச்சுன்னா கை சரியாப்போச்சுன்னு அர்த்தம் இல்ல. உள்ள இருக்கிற நார் ஏற்கனவே நைஞ்சு கிடக்கு. இந்த மருந்து போட்ட புதுசுல அது இன்னும் பலம் இல்லாம இருக்கும். வெயிட்டு தூக்கக் கூடாது. இழுக்கக் கூடாது. முறுக்கக் கூடாது. டாக்டர் மறுபடி பாத்துட்டுச் சரின்னு சொல்ற வரைக்கும். மீறினா அறுந்துடும். அறுந்துட்டா இந்த ஊசியெல்லாம் உதவாது. எங்க, திருப்பிச் சொல்லுங்க?"

அவள் ஒன்றுவிடாமல் திருப்பிச் சொன்னாள். "முறுக்கக் கூடாது" என்பதை இரண்டு தடவை சொன்னாள்.

"கெட்டிக்காரி" என்றாள் நர்ஸ். "ஆம்பளைங்ககிட்டச் சொன்னா வாசப்படியோட போயிடும். பொம்பளைங்ககிட்டச் சொன்னா வீடு வரைக்கும் வரும்."

பஸ்ஸில் அவன் உட்காரவில்லை. இடம் இருந்தும் நின்றான். வலது கையை உயர்த்தி மேல் கம்பியைப் பிடித்தான். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அந்த அக்குளை அவள் பார்க்கிறாள். அவள் உடம்பு தானாகச் சன்னல் பக்கம் ஒதுங்கியது. அவன் அதைப் பார்த்துவிட்டான்.

"என்னடி, பயந்துட்டியா?"

"இல்லீங்க, காத்து."

"நர்ஸு என்ன உன்கிட்ட அவ்வளவு நேரம்?"

"வீட்டுக்குப் போய்ச் சொல்றேன். இங்க ஒரே சத்தம்."

சொல்லத்தான் நினைத்திருந்தாள். வழியெல்லாம் வார்த்தைகளை வரிசைப்படுத்திக்கொண்டு வந்தாள். அந்தக் கை அவளுக்கும் வேண்டும். கம்பளியின் மறுமுனைக்கு வேண்டும். கொதிகலன் மூடிக்கு வேண்டும். பாதிக் கை மட்டும் குணமாகிற மாதிரி ஊசி இருக்கிறதா என்று நர்ஸிடம் கேட்டிருக்கலாம் என்று தோன்றியது. அப்படி நினைத்ததற்குத் தானே வெட்கப்பட்டாள்.

வீட்டில் மாமியார் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு ஓடிவந்தாள்.

"எங்க, தூக்கு பாக்கலாம்."

தூக்கினான்.

"இன்னும்."

காதுக்கு மேலே போயிற்று. மாமியார் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "அடேயப்பா! கண்ணு பட்டுடப்போவுது, எறக்குடா."

பெண்டாட்டி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். "நர்ஸு சொன்னாங்க, அத்தை. மொதல்ல மரத்துப்போயிருக்குமாம், அதனால..."

உயர்ந்திருந்த கை இறங்கி அவள் கன்னத்தில் பட்டது. பெரிய அடி இல்லை. ஆனால் சத்தம் பக்கத்து வீடு வரை கேட்டது. தையல் மிஷின் ஒரு கணம் நின்று மறுபடி ஓடியது.

"வருதும்மா!" என்று கூவினான் அவன். "சத்தம் கேட்டிச்சா? பழைய சத்தம்!"

"டேய், பாவம்டா" என்றாள் மாமியார். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"கை வருதான்னு பாத்தேன்டி. கோச்சுக்காத" என்று பெண்டாட்டியின் தோளைத் தட்டினான். "ஆமா, நர்ஸு என்ன சொன்னா?"

அவள் கன்னத்தைத் தடவவில்லை. நாக்கால் பல்லை மட்டும் ஒருமுறை துழாவிப் பார்த்துக்கொண்டாள்.

"சரியாயிடும்னு சொன்னாங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

விடியும்போது அவன் அலறல்தான் தெருவை எழுப்பியது. தோளை இடது கையால் தாங்கிக்கொண்டு கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தான். முகம் வெந்த மாதிரிச் சிவந்திருந்தது. "விஷத்தப் போட்டுட்டான்மா! உள்ள நெருப்பு எரியுது!" என்றான். மாமியார் பெட்டியைச் சுட வைத்துவிட்டாள். துணியை நாலாக மடித்துத் தோளில் போட்டு அதன்மேல் அழுத்தினாள். அவன் போட்ட சத்தத்தில் தையல்காரி வாயில் பல் விளக்கும் நுரையோடு ஓடிவந்தாள்.

"ஐயோ, சூடு வைக்காதீங்கம்மா! எங்க மாமாவுக்கு முழங்கால்ல இதே ஊசி போட்டப்ப ஐஸ்தான் வச்சாங்க. எங்க ஃபிரிட்ஜுல இருக்கு, கொண்டாரட்டுமா?"

"ஐஸு வச்சா நரம்பு இழுத்துக்கும். உனக்குத் துணியப் பத்தித் தெரியும், நரம்பப் பத்தி என்ன தெரியும்?" என்றாள் மாமியார்.

தையல்காரி பெண்டாட்டியின் பக்கம் திரும்பினாள். "ஏன்க்கா, டாக்டர் ஒண்ணும் சொல்லலையா?"

"வைத்தியமெல்லாம் எங்க அத்தைக்குத்தான் தெரியும்" என்றாள் அவள்.

மாமியாருக்கு அது பெருமையாக இருந்தது. இன்னும் அழுத்தினாள்.

அவன் பெண்டாட்டியின் கையைப் பிடித்தான். இடது கையால் பிடித்தான். "ஏய், செத்துடுவேனாடி?"

இரண்டு நாளில் போய்விடும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் பயம் தீர்ந்திருக்கும். அவள் அவன் கண்ணைப் பார்த்தாள். அந்தக் கண்ணில் இப்படி ஒரு பார்வை இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை. தான் அடுப்படி மூலையில் ஒடுங்கி உட்காரும்போது தன் கண்ணும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அதை இன்னும் கொஞ்ச நேரம் பார்க்க வேண்டும்போல் இருந்தது.

"தெரியலீங்களே" என்றாள்.

பிறகு அவன் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை. ஊசி குத்திய இடத்தையும் விலக்கிப் பார்த்தாள். மாமியாரின் சூடு பட்டதைத் தவிர வேறு சிவப்பு இல்லை. காய்ச்சல் இருந்திருந்தால் சொல்லியிருப்பாளா என்று அவளுக்கே தெரியவில்லை. இல்லாததால் அந்தக் கேள்வி அதோடு போயிற்று.

மகன் வாடிப்போனான் என்று மாமியார் கடையிலிருந்து இனிப்பு வாங்கிவந்து ஊட்டினாள். அவன் குடம் குடமாகத் தண்ணீர் குடித்தான். கழிப்பறைக்கும் கட்டிலுக்குமாக நடந்தான்.

"சக்கரை ஏறியிருக்குமோ?" என்றாள் தையல்காரி.

"ஊசி போட்டது தோள்ல. சக்கரை எங்க இருக்கு, தோள் எங்க இருக்கு?" என்றாள் மாமியார். பெண்டாட்டி தண்ணீர்க் குடத்தை நிரப்பி அவன் பக்கத்திலேயே வைத்தாள்.

வலி வந்த மாதிரியே ஒரு காலையில் போய்விட்டது. அவன் எழுந்தான், கையைத் தூக்கினான், சுழற்றினான். மரத்துப்போன கை இல்லை இது, உண்மையாகவே லேசான கை. கண்ணாடிமுன் நின்று தானே தலை வாரிக்கொண்டான். மாமியார் தெருவில் போகிறவர்களையெல்லாம் நிறுத்தி, "நான் வச்ச சூடு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அன்றைக்குக் குழம்பில் உப்புச் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் அவன் தட்டைத் தள்ளினான்.

"இத்தன மாசமா உனக்கு வாய் நீண்டுபோச்சு இல்ல? 'வச்சிருக்கேன் பாருங்க', 'நேரமில்லீங்க', 'நீங்களே எடுத்துக்குங்க'. எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கு. மொதல்ல இந்தக் கம்பளியெல்லாம் முடியட்டும். அப்புறம் உன்னப் பிழியறேன்."

"சரிங்க" என்றாள் அவள்.

வெயில் இல்லாத நாள். பின்கட்டுச் சேறு காலைக் கவ்வியது. அலசல் தொட்டியில் கம்பளிகள் ஊறிக் கிடந்தன. அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றபோது குட்டைச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து தையல்காரி எட்டிப் பார்த்தாள்.

"அதுக்குள்ளயா அண்ணே? எங்க மாமாவ ரொம்ப நாள் எழுந்திருக்கவே விடல."

"உங்க மாமா தையல்காரன். நூலு. நான் அப்படியா?" என்றான். "பிடிடி."

அவள் தொட்டிக்குள் கைவிட்டாள். மேலாக ஒரு குழந்தைக் கம்பளி கிடந்தது. அதை ஒதுக்கினாள். அடியிலிருந்த பெரிய சாம்பல் நிறக் கம்பளியை இழுத்தாள். இரட்டைக் கட்டிலுக்குப் போடுவது. ஒரு முனையை அவன் கையில் கொடுத்தாள். மறுமுனையைத் தன் மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். அப்படிச் சுற்றினால் நழுவாது. ஆனால் மணிக்கட்டு போனாலும் போகும்.

முறுக்கினார்கள். தண்ணீர் முதலில் கொட்டியது, பிறகு ஒழுகியது, பிறகு சொட்டியது. கம்பளி கயிறாகி, கயிறு கட்டையானது. அவன் வழக்கம்போலத் தளர்த்திக் கொடுத்துச் சுண்டி இழுத்தான். அவள் சேற்றில் ஒரு முழம் சறுக்கினாள். முனை நழுவவில்லை.

அவன் சிரிப்பு நின்றது. இன்னொரு முறை சுண்டினான்.

"விடுடி."

"நீங்க விடுங்க."

"என்ன சொன்ன?"

"கை வலிச்சா விட்டுடுங்க. நான் அலசிக்கிறேன்."

சுவருக்கு அந்தப் பக்கம் தையல்காரி சிரித்துவிட்டாள். அது போதுமாக இருந்தது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினான். அவளும் எதிர்ப்பக்கம் முறுக்கினாள். கழுத்து நரம்பு புடைத்து நின்றது அவனுக்கு. மாமியார் முன்னறையிலிருந்து, "சிங்கம்டா எம்மவன்" என்று குரல் கொடுத்தாள். பெண்டாட்டி அவனை நேராகப் பார்த்துக்கொண்டே ஒரு அடி முன்னால் வந்தாள். கம்பளி தொய்ந்தது. ஜெயித்துவிட்டோம் என்று அவன் உடம்பு தளர்ந்த அந்தக் கணத்தில் முழு உடம்பையும் பின்னால் சாய்த்துச் சுண்டி இழுத்தாள்.

சத்தம் பெரிதாக இல்லை. ஈரத் துணியில் ஒரு தையல் விடுகிற மாதிரி. அதைக் காதால் கேட்டதைவிடக் கம்பளி வழியாகக் கையில்தான் உணர்ந்தாள். அவன் முனை சேற்றில் விழுந்தது. அவன் முதலில் அதைத்தான் பார்த்தான், தான் விட்டுவிட்டோம் என்று நம்ப முடியாதவனைப்போல. பிறகுதான் தோள் பக்கம் பார்த்தான். அதற்குப் பிறகுதான் கத்தினான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அந்தக் கையைத் தூக்கிப் பிடித்து, விட்டார். அது தொப்பென்று விழுந்தது. மறுபடி தூக்கி விட்டார். மறுபடி விழுந்தது.

"என்ன செஞ்சீங்க?"

"கம்பளி பிழிஞ்சேன்."

"கம்பளியா? நான் சொல்லச் சொல்லி அனுப்பினேனே?" என்று நர்ஸைப் பார்த்தார்.

"ஒண்ணொண்ணா சொன்னேன் சார். இவங்க அப்படியே திருப்பிச் சொன்னாங்க. முறுக்கக் கூடாதுன்னு ரெண்டு தடவ சொன்னாங்க" என்றாள் நர்ஸ். சொல்லும்போதே அவள் குரல் இறங்கிவிட்டது. பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் சுவரைப் பார்த்தாள்.

ஆபரேஷன் செய்தாலும் பழைய கை வராது, சக்கரை வேறு இந்த ஏறு ஏறியிருக்கிறது, அது முதலில் இறங்கட்டும் என்றார் டாக்டர். தூளி மாதிரி துணி கட்டி, கையை அதில் போட்டுக் கழுத்தில் மாட்டினார்கள். பஸ்ஸில் அவன் உட்கார்ந்து வந்தான். வீட்டுத் திருப்பம் வந்ததும் அவள் பக்கம் திரும்பினான்.

"ஏன்டி சொல்லல?"

"சொல்லத்தான் வாயெடுத்தேன்" என்றாள் அவள். "நீங்க கை வருதான்னு பாத்தீங்க."

சாயங்காலம் தையல்காரி வந்தாள். வழக்கமாகப் பேச்சோடுதான் வருவாள், அன்றைக்குக் கதவருகில் தயங்கி நின்றாள். லாண்டரிக்காரன் கட்டிலில் சாய்ந்திருந்தான். பெண்டாட்டி சோற்றைப் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தாள். அவள் மணிக்கட்டைச் சுற்றி ரத்தம் கட்டிக் கறுத்திருந்தது. இடது கையால் சாப்பிட்டுக்கொள்கிறேன், கரண்டி கொடு என்று அவன் கேட்டிருந்தான். கரண்டி காணோம் என்று சொல்லிவிட்டாள்.

"என்ன பொறுமை இந்த அக்காவுக்கு! மொத்த வேலையும் பாத்துட்டு, இதையும் பாக்கிறாங்க" என்றாள் தையல்காரி. "ஏம்மா, இப்படி ஆகும்னு டாக்டர் முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?"

"அதானே!" என்றாள் மாமியார். "ஒரு வார்த்தை சொன்னானா அவன்? சும்மா விடப்போறதில்ல. நாளைக்கே போய் அவன் சட்டையப் பிடிச்சுக் கேக்கப்போறேன்."

அவன் வாயைத் திறந்தான். பெண்டாட்டி கையிலிருந்த கவளத்தை நீட்டாமல் காத்திருந்தாள். அவசரமே இல்லாமல் காத்திருந்தாள். இவளிடம் சொன்னார்கள், இவள் மறைத்துவிட்டாள் என்று சொன்னால் ஏன் மறைத்தாள் என்று கேட்பார்கள். ஊசி போட்டுவிட்டு வந்த அன்றைக்கு அறைச் சத்தம் கேட்டு மிஷினை நிறுத்தியவள் கதவருகிலேயே நின்றுகொண்டிருந்தாள். அதற்குப் பிறகு, தன்னைவிட அரை ஆள் உயரம் குறைந்தவள் கம்பளியைச் சுண்டித் தன் தோளைப் பிய்த்தாள் என்பதையும் சொல்ல வேண்டும்.

"நீ ஒண்ணும் போக வேணாம்மா" என்றான். "அவரு சொன்னாரு. நான்தான் கேக்கல."

மாமியார் தலையில் அடித்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள். தையல்காரி பெண்டாட்டியைப் பார்த்தாள். பெண்டாட்டி சோற்றைப் பார்த்தாள்.

"இவரு யாரு சொல்லித்தான் கேட்டிருக்காரு" என்றாள் அவள், பாசத்தோடு சொல்கிற மாதிரி. கவளத்தை அவன் வாயில் வைத்தாள். அவன் மெல்லத் தொடங்கினான். அதை விழுங்குவதற்குள் அடுத்ததை உருட்டி உதட்டருகில் கொண்டுவந்து, "ம், வாயத் திறங்க" என்றாள்.